பெட்டி பிரிக்காத பழைய ஜோடியா, புதிதாகச் செய்த பழைய மாடலா?

கேள்வி: அண்ணா, எனக்கு 31 வயது. சென்னை திருவான்மியூரில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. அக்கா வீட்டுக்காரர் பின்லாந்தில் எஸ்போவில் வேலை பார்க்கிறார். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டார். எனக்குப் பழைய பாணி ரன்னிங் ஷூ என்றால் உயிர். எல்லோர் காலிலும் இருக்கும் பிராண்டு வேண்டாம் என்று அந்த ஊர் கர்ஹுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கடையில் புதிதாகக் கிடைக்கும் ஃப்யூஷன் 2.0. இன்னொன்று, 90களில் செய்து யாரும் போடாமல் பெட்டியிலேயே இருக்கும் அசல் ஜோடி. ஹெல்சிங்கியில் ஒருவர் விற்கிறார், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அசல்தானே மேல்? என் கால் முன்பக்கம் நல்ல அகலம், அது ஒரு கவலை. காலையில் பீச் பக்கம் ஓடவும் ஆபீஸுக்குப் போகவும் ஒரே ஷூ போதுமா? 'பேர் தெரியாத பிராண்டுக்கு இவ்வளவு காசா' என்று நண்பர்கள் வேறு கேட்கிறார்கள்.

பதில்: தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்யூஷன் 2.0 வாங்குங்கள். பெட்டியில் இருக்கும் 90களின் ஜோடியை விட்டுவிடுங்கள். அசலின் மேல் உங்களுக்கு இருக்கும் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது, நானும் பழைய ஷூக்களை ஆசை ஆசையாகப் பார்க்கிறவன்தான். ஆனால் முப்பது வருடம் போடாமல் வைத்திருந்த ஷூ என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்டு நான் மகிழ மாட்டேன், பயப்படுவேன்.

காரணம் மிட்சோலில் இருக்கிறது. ஷூவின் மேல்பகுதிக்கும் தரையில் படும் ரப்பருக்கும் நடுவே இருக்கும் மெத்தைதான் மிட்சோல். அந்தக் கால ரன்னிங் ஷூக்களில் அதைப் பெரும்பாலும் இரண்டு பொருளில் செய்தார்கள். ஒன்று இ.வி.ஏ. நுரை, மற்றது பி.யு. என்று ஃபேக்டரியில் நாங்கள் சொல்லும் பாலியூரித்தேன் நுரை. 80களிலும் 90களிலும் பல கம்பெனிகள் பி.யு.வை விரும்பிப் போட்டன. அது சீக்கிரம் அமுங்காது, கனமான ஆள் போட்டாலும் வருடக்கணக்கில் தாங்கும். சில மாடல்களில் முன்பாதிக்கு இ.வி.ஏ., குதிகாலுக்கு மட்டும் பி.யு. என்று கலந்தும் வைத்தார்கள்.

பி.யு.வுக்கு ஈரக் காற்று ஆகாது. காற்றில் இருக்கும் நீராவி மெல்ல உள்ளே போய் அதன் மூலக்கூறுச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக வெட்டிக்கொண்டே இருக்கும். வேதியியலில் நீராற்பகுப்பு என்று படித்திருப்பீர்கள், அதேதான். பெட்டிக்குள் இருந்தாலும் நடக்கும், டிஷ்யூ தாளில் சுற்றி வைத்தாலும் நடக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வேகமாக நடக்கும், உங்கள் கடற்கரைப் பக்கத்து வீடு அப்படிப்பட்ட இடம்தான். பின்லாந்தின் குளிரில் அந்த ஜோடி இத்தனை வருடம் தப்பித்திருந்தாலும், இங்கே வந்து ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பார்க்கவேண்டுமே.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் இதில் வருத்தம். ஒருவர் தன் அப்பா வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து பத்திரமாக எடுத்து வைத்திருந்த ஜோடியை என்னிடம் கொண்டுவந்தார். மேல்பகுதியில் ஒரு சுருக்கம் இல்லை. லேஸ் கம்பெனியில் கோத்தபடியே இருந்தது, இன்சோலில், அதாவது உள்ளே கால் படும் மெத்தையில், அச்சடித்த எழுத்துகூட மங்கவில்லை. குதிகால் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தினேன். நல்ல மிட்சோல் என்றால் அமுங்கி உடனே எழும்பும். இது எழும்பவில்லை, நகம் பட்ட தடம் அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போய்விட்டது. விரலில் மஞ்சளாகப் பிசுபிசுப்பு. ஷூவைத் திருப்பினேன், அடி ரப்பர் முழுசாக, ஒரே துண்டாகக் கையோடு வந்தது. போட்டுக்கொண்டு தெருவில் நடந்திருந்தால் பாதி வழியில் வெறும் மேல்பகுதி மட்டும்தான் காலில் மிஞ்சியிருக்கும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இ.வி.ஏ.வுக்கு இந்த வியாதி கிடையாது. ஆனால் அதுவும் வயதானால் இறுகிப்போகும். அதோடு அடிப்பாகத்தை ஒட்டிய பசைக்கும் ஆயுள் உண்டு. ஆக, முப்பது வருடப் பழைய ஜோடி எந்த நுரையில் செய்திருந்தாலும் நடக்க வாங்கும் பொருள் இல்லை. அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். பழைய மேல்பகுதியில் புது அடிப்பாகத்தை மாற்றி ஒட்டித் தரும் கைவினைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு வேறொரு புது ஷூவின் அடிப்பாகத்தைக் கழற்ற வேண்டும், செலவு இரண்டு ஷூ கணக்காகிவிடும்.

இதே காரணத்துக்காக, புது ஷூவாக இருந்தாலும் வாங்கிப் பரணில் போடாதீர்கள். மாமா கடையில், லேஸுக்குக் கீழே இருக்கும் ஷூ நாக்குக்குள் தைத்திருக்கும் சின்ன லேபிளைப் பார்க்கட்டும். அளவோடு சேர்த்துத் தயாரித்த மாதமும் வருடமும் பல கம்பெனிகள் அதில் போடுகின்றன. தள்ளுபடி என்று நாலைந்து வருடம் முந்தைய சரக்கு கிடைத்தால், அதே விலையில் போன வருடம் செய்ததை நான் எடுப்பேன்.

சரி, பேர் தெரியாத பிராண்டு என்கிறார்களே, அந்த நண்பர்களுக்கு வருகிறேன். நம் ஊரில் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஓட்டப்பந்தய வரலாற்றில் கர்ஹு சின்னப் பெயர் இல்லை. 1916இல் ஹெல்சிங்கியில் தொடங்கிய கம்பெனி அது. முதலில் ஷூவே முக்கியம் இல்லை. பிர்ச் மரத்தில் ஈட்டி, வட்டு, பனிச்சறுக்குப் பலகை என்று செய்துகொண்டிருந்தார்கள். அப்புறம் ஓட்டக்காரர்களுக்கு ஆணி வைத்த ஷூ. பின்லாந்துக்காரர்கள் நீண்ட தூர ஓட்டத்தில் உலகையே ஆண்ட காலம் அது. பாவோ நுர்மி 1920, 1924, 1928 என்று மூன்று ஒலிம்பிக்கில் 9 தங்கம் வாங்கினார். பாரிஸில் 1924இல் 1,500 மீட்டர் இறுதிப் போட்டியை வென்று இரண்டு மணி நேரம்கூட ஆகாமல் 5,000 மீட்டரையும் வென்றார். அப்படி ஒரு நாட்டில், அப்படி ஒரு காலத்தில் ஷூ செய்து பழகியவர்கள் இவர்கள்.

இன்னொரு விஷயம் சொன்னால் உங்கள் நண்பர்கள் நம்ப மாட்டார்கள். ஷூவின் பக்கவாட்டில் மூன்று கோடு என்றால் இன்று எல்லோருக்கும் அடிடாஸ்தான் நினைவுக்கு வரும். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் நடந்தபோது அந்த மூன்று கோடு கர்ஹுவின் அடையாளம். பிறகு அதை அடிடாஸுக்கு விற்றுவிட்டார்கள். விலை இன்றைய கணக்கில் சுமார் 1,600 யூரோவும் இரண்டு பாட்டில் விஸ்கியும் என்று கர்ஹுவே சொல்லிவருகிறது. இப்போது பக்கத்தில் இருக்கும் எம் வடிவக் கோடு அதற்குப் பிறகு வந்தது.

எனக்கு இந்தக் கதைகளைவிடப் பிடித்தது அவர்களின் ஒரு தொழில்நுட்ப யோசனை. 80களில் எல்லோரும் குதிகாலில் எவ்வளவு மெத்தை வைக்கலாம் என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, கர்ஹு வேறு கேள்வி கேட்டது. ஓடுகிறவனின் உடம்பு ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பி இறங்குகிறது, அந்தச் சக்தி வீண்தானே, அதை முன்னால் திருப்ப முடியுமா? அதற்காக நடுப்பாதத்துக்குக் கீழே சற்று இறுக்கமான, ஆப்பு மாதிரி ஒரு பகுதியை மிட்சோலில் வைத்தார்கள். குதிகால் ஊன்றியதும் பாதம் அதன்மேல் ஏறி முன்னால் உருளும். ஃபுல்க்ரம் என்று பெயர். 1996இல் வந்த ஃப்யூஷன் அந்த யோசனை முதிர்ந்த காலத்து ஷூ. நீங்கள் கேட்கும் 2.0 அதன் மறுவெளியீடு. நிறத்தையும் லோகோவையும் மட்டும் வைத்து 'பாரம்பரியம்' என்று விற்கிறவர்கள் உண்டு. இதில் ஒரு காலத்தில் ஓடுவதற்காக உண்மையிலேயே யோசித்துச் செய்த வடிவம் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் காசு நியாயமான காசு என்பது என் கருத்து.

மறுவெளியீடு பின்லாந்தில் செய்ததா என்று யாராவது கேட்டால் அதைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். இன்று உலகத்து ஸ்னீக்கர்களில் பெரும்பங்கு ஆசியாவில்தான் தயாராகிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் உள்ள ஃபேக்டரிகளிலிருந்து ஐரோப்பியப் பெயர்களுக்கு எவ்வளவு நல்ல ஷூ போகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எங்கே தைத்தார்கள் என்பதைவிட எந்த லாஸ்டில், அதாவது எந்தக் கால் அச்சில் ஏற்றினார்கள் என்பதுதான் உங்கள் காலுக்குத் தெரியும்.

மாமாவுக்கு ஹெல்சிங்கி கடையில் உங்கள் அளவு கிடைக்காமல் போகலாம். அப்போது பார்க்க வேறு இரண்டு பெயர் சொல்கிறேன். ஒன்று அமெரிக்காவின் சாக்கனி, 1898இல் பென்சில்வேனியாவில் தொடங்கியது. 1981இல் வந்த அவர்களுடைய ஜாஸ் தட்டையாக, லேசாக, அடியில் முக்கோணப் பற்களோடு இருக்கும். மெத்தை குறைவு, ஆனால் பேன்ட்டோடு போட அடக்கமான ஷூ. இன்னொன்று இத்தாலியின் டியாடோரா, 1948இல் மலையேறும் பூட்ஸ் செய்யத் தொடங்கி அப்புறம் ஓட்டத்துக்கு வந்தவர்கள். 1988 சியோல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற ஜெலிந்தோ போர்தின் அவர்கள் ஷூவில்தான் ஓடினார். இரண்டுமே நேர்மையான பழைய பெயர்கள். உங்களுக்கு மனம் கர்ஹுவில் இருக்கிறது என்றால் அதிலேயே நில்லுங்கள்.

இப்போது உங்கள் அகலமான கால். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான், ஏனென்றால் நம் ஆட்கள் ஷூவில் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த கால், விரல் பக்கம் விரிந்து இருக்கும். அது குறை இல்லை, கால் இருக்கவேண்டிய விதம் அதுதான். ஆனால் அகலத்துக்காக ஒரு அளவு பெரிதாக வாங்குவது தப்பு. அப்படி வாங்கினால் முன்னால் இடம் கிடைக்கும், ஆனால் ஷூ மடங்கும் இடமும் உங்கள் விரல் மடங்கும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. குதிகாலும் உள்ளே வழுக்கும்.

எண்களை நம்பி வாட்ஸ்ஆப்பில் '42 வாங்குங்க' என்று சொல்லிவிடாதீர்கள். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம். நமக்குப் பழகிய யு.கே. அளவில் 8.46 மில்லிமீட்டர். படிகளே வேறு என்பதால் இரண்டும் எங்குமே சரியாகப் பொருந்தி நிற்காது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி ஓர் அட்டவணை போட்டிருக்கும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். சாயங்காலம், ஆபீஸ் முடிந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், போடப்போகும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஒரு தாளின்மேல் நேராக நில்லுங்கள். உட்காரக் கூடாது, எடை இறங்கினால்தான் கால் விரியும். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக் கோடு போடட்டும். இரண்டு காலுக்கும் போடுங்கள், இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனிவரை மில்லிமீட்டரில் அளந்து அதிலேயே எழுதிவிடுங்கள். தாளில் ஒரு பத்து சென்டிமீட்டர் கோடும் ஸ்கேல் வைத்து வரையுங்கள். ஸ்கேன் செய்து மாமாவுக்கு அனுப்பினால் அவர் பிரிண்ட் எடுத்துவிட்டு, அந்தக் கோட்டை அளந்து பார்ப்பார். பத்து சென்டிமீட்டர் இருந்தால் அளவு மாறவில்லை. பிறகு பெரிய காலின் வடிவத்தைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துப்போகட்டும்.

கடையில் ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவி எடுத்து, கத்தரித்த தாளை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். நீளத்தில் விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மிஞ்ச வேண்டும். அகலத்தில் தாள் இன்சோலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். சுண்டுவிரலின் அடிமுட்டுப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்தால் பரவாயில்லை, மெஷ் துணி இளகிக் கொடுக்கும். அதைவிட அதிகம் என்றால், அல்லது அந்த இடத்தில் மெஷ்ஷுக்குப் பதிலாக ஸ்வேட் (ரோமம் எழுப்பிய மென்தோல்) பட்டையும் தையலும் ஓடுகிறது என்றால், வேண்டாம் என்று வைத்துவிடட்டும். சாயங்காலம் நாலு மணிக்குச் சுண்டுவிரல் எரிய ஆரம்பிப்பது அந்தத் தையல் கோட்டில்தான்.

ஓட்டமும் ஆபீஸும் ஒரே ஷூவிலா? வேண்டாம். ஃப்யூஷனை ஒரு காலத்தில் ஓடுவதற்காகத்தான் செய்தார்கள். இன்றைய மறுவெளியீடு நாள்முழுவதும் போட்டு நடக்க வாங்கும் ஷூ. தோல் பட்டைகளும் தடித்த அடுக்குகளும் சேர்ந்து, இப்போது ஓட்டத்துக்கென்று வரும் ஷூவைவிடக் கனமாக இருக்கும். நம் ஊர் வியர்வையில் உள்ளே ஈரம் தங்கும். காலை ஓட்டத்தில் நனைந்த ஷூவை ஒன்பது மணிக்கு மறுபடி ஆபீஸுக்கு மாட்டினால் நாற்றமும் சேற்றுப்புண்ணும் கூடவே வரும். ஓட்டத்துக்குத் தனியாக, சாதாரண விலையில் ஒரு நல்ல ரன்னிங் ஷூ வைத்துக்கொள்ளுங்கள். கர்ஹுவை நடைக்கும் ஆபீஸுக்கும் வையுங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் ஒன்றும் ஆகாது.

ஸ்வேட் பற்றியும் சொல்லவேண்டும். இந்த வகை ஷூவின் அழகே அதில்தான் இருக்கிறது, சென்னையில் தொல்லையும் அதில்தான். வெள்ளை, கிரீம் நிறங்கள் படத்தில் கண்ணைப் பறிக்கும். நம் மழைத்தண்ணீர் ஒரு முறை தெறித்தால் பழுப்பு வளையம் விழுந்துவிடும். சாம்பல், பச்சை, பழுப்பு இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடர் நீலமும் கறுப்பும் முதல் சில வாரங்கள் வெள்ளை சாக்ஸில் சாயம் ஒட்டலாம். நனைந்துவிட்டால் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக்குக் கீழே நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். சூடு பட்டால் தோல் விறைத்துப்போகும், பசையும் இளகும். நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்வேட் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேயுங்கள், ரோமம் மறுபடி எழும்பும். வாஷிங் மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சில வாசகர்களுக்கு முக்கியமாக இருக்கும் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஸ்னீக்கர்களில் வரும் ஸ்வேட் எல்லாம் மாட்டுத்தோல் இல்லை, பன்றித்தோலும் நிறையப் பயன்படுகிறது. ஐரோப்பியக் கடைகளில் ஷூவிலேயோ பெட்டியிலேயோ பொருளைக் காட்டும் சின்னங்கள் இருக்கும். விரித்த தோல் வடிவச் சின்னம் இருந்தால் தோல் என்று பொருள். எந்த விலங்கு என்பதை அது சொல்லாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பன்றித்தோலில் ரோமக்கால் துளைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து முக்கோணமாகத் தெரியும், அந்தத் துளைகள் தோலின் முழுத் தடிப்பையும் ஊடுருவிப் போவதால் ஸ்வேட் பக்கத்திலும் மறையாது. வேண்டாம் என்று நினைப்பவர்கள் கடைக்காரரிடம் நேராகவே கேட்டுவிடுவது நல்லது. துணியும் செயற்கைப் பொருளும் மட்டும் வைத்த நிறங்களும் இந்த மாடல்களில் வருவதுண்டு.

கடையில் மாமா இன்னும் இரண்டு காரியம் செய்தால் போதும். ஜோடியை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கட்டும், இரண்டு குதிகாலும் நேராக நிற்கவேண்டும், ஒன்று உள்பக்கம் சாய்ந்திருந்தால் வேறு ஜோடி கேட்கட்டும். அப்புறம், மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுப் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஷூ கைக்கு வந்ததும் நீங்கள் வீட்டுத் தரையில் மட்டும், ஒரு சாயங்காலம் முழுக்கப் போட்டு நடங்கள். சுண்டுவிரல் பக்கம் சிவந்தால் அடியில் அழுக்குப் படாமல் பெட்டியில் வைத்து, மாமா திரும்பிப் போகும்போது அவரிடமே கொடுத்தனுப்பி அரை அளவு மாற்றச் சொல்லுங்கள்.